புரியாமல் போனால் பொறுப்பு யாருடையது? பல நாட்டினரை ஒன்றாக வேலை வாங்கும் நிறுவனத் தலைமைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமைப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ஒரே வேலையைப் பல நாட்டவர் சேர்ந்து செய்யும் நிறுவனங்களை நீங்கள் நடத்துகிறீர்கள். அங்கே ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வருடக்கணக்கில் சேர்ந்து உழைப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நடுவில் இருப்பது எழுத்து மட்டும்தான்: மின்னஞ்சல், சுற்றறிக்கை, பணிக் குறிப்பு, ஒப்பந்தம், அரட்டைச் செயலியில் வந்து விழும் ஒற்றை வரி. இப்படிப் பல நாடுகளுக்குப் போகும் குறிப்புகளை எழுதுவதும் திருத்துவதும்தான் என் தொழில். அந்த உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன்.

ஒரு குறிப்பு தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டு வேலை கெட்டுவிட்டால், உங்கள் நிறுவனங்களில் அடுத்து என்ன நடக்கிறது? தவறாகப் புரிந்துகொண்டவருக்குத் தகவல் தொடர்புப் பயிற்சி ஏற்பாடாகிறது. மொழி வகுப்பில் சேரச் சொல்கிறார்கள். ஆண்டு மதிப்பீட்டில் "எழுத்து வழித் தொடர்பில் முன்னேற்றம் தேவை" என்று ஒரு வரி ஏறுகிறது. எழுதியவரை யாரும் ஏனென்று கேட்பதில்லை. அவர் எழுதிய வாக்கியத்தை எடுத்து மேசையில் வைத்து, இது இரண்டு விதமாகப் பொருள்படுகிறதே என்று ஒருவரும் சொல்வதில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இதை மாற்றுங்கள். புரியாத எழுத்துக்கு எழுதியவரே பொறுப்பேற்க வேண்டும். எழுதியவர் மேலதிகாரியாக இருந்தால் அந்தப் பொறுப்பு இரட்டிப்பாக வேண்டும்.

பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். தலைமை அலுவலகத்து மேலாளர் ஒருவர் வேறொரு நாட்டிலிருக்கும் குழுவுக்கு எழுதுகிறார்: "நேரம் கிடைக்கும்போது அறிக்கையின் மூன்றாம் பகுதியை இன்னொரு முறை பார்க்க முடியுமா? அங்குள்ள எண்கள் சற்று வியப்பாக இருக்கின்றன. வாரக் கடைசிக்குள் முடிந்தால் மிகவும் நல்லது."

அவர் மனதில் இருப்பது இதுதான்: எண்கள் தவறு. வெள்ளிக்கிழமைக்குள் திருத்தி அனுப்பியாக வேண்டும். திங்கட்கிழமை அறிக்கை இயக்குநர் கூட்டத்துக்குப் போகிறது. அவர் வளர்ந்த சூழலில் கட்டளையைக் கேள்வியாக மாற்றிக் கேட்பதுதான் பண்பு. கூட வேலை செய்பவரிடம் "செய்" என்று சொல்வது முரட்டுத்தனம். ஆகவே தெரிந்தே மென்மையாக எழுதியிருக்கிறார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அதே குறிப்பு மறுமுனையில் இருவர் கையில் கிடைக்கிறது. ஒருவர் சொல்லுக்குச் சொல் வாசிப்பவர். "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதியிருப்பதால் அவசர வேலைகளை முடித்துவிட்டு வருகிறார். "பார்க்க முடியுமா" என்றதால் பார்க்கிறார். எண்கள் வியப்பளிப்பது உண்மைதான், அந்தக் காலாண்டே வியப்பானது என்று எண்ணிக்கொள்கிறார். "முடிந்தால்" என்றிருப்பதால், முடியாத வாரத்தில் அதை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவைக்கிறார். இன்னொருவர் மேலாளர் வாயிலிருந்து வரும் கேள்வி எதுவும் கண்டனமே என்று பழகியவர். அவர் பதறிப்போய் மூன்றாம் பகுதியோடு நிற்காமல் அறிக்கை முழுவதையும் பிரித்து, இரவெல்லாம் உட்கார்ந்து திரும்ப எழுதுகிறார். சரியாக இருந்த பகுதிகளும் அதில் மாறிவிடுகின்றன. "வாரக் கடைசி" என்பதோ இருவருக்குமே புதிர். வெள்ளியும் சனியும் விடுமுறையாக உள்ள நாடுகளில் வேலை வாரம் வியாழனோடு முடிந்துவிடுகிறது. வேறு சிலருக்கு வாரக் கடைசி என்றால் சனி, ஞாயிறு.

இந்த இருவரில் யாருக்குப் பயிற்சி தேவை? இருவருமே எழுதியிருந்ததைத்தான் வாசித்தார்கள். எழுதப்படாததை அவர்கள் ஊகித்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் தவறு.

அதே குறிப்பு இப்படி வந்திருக்கலாம்: "அறிக்கையின் மூன்றாம் பகுதியில் 4ஆம் அட்டவணையின் கூட்டுத்தொகை 2ஆம் அட்டவணையோடு ஒத்துப்போகவில்லை. எது சரி என்று பாருங்கள். தவறாக இருக்கும் அட்டவணையைத் திருத்தி, 14 நவம்பர் 2025, வெள்ளி, யுடிசி எனும் உலகப் பொது நேரப்படி 15:00 மணிக்குள் அனுப்புங்கள். திங்கட்கிழமை இயக்குநர் கூட்டத்துக்கு இது தேவை. அதற்குள் முடியாது என்றால் புதன்கிழமையே சொல்லிவிடுங்கள், நான் வேறு ஏற்பாடு செய்கிறேன். மற்ற பகுதிகள் நன்றாக இருக்கின்றன. அவற்றை மாற்ற வேண்டாம்."

முதல் குறிப்பைவிட இது நீளம். ஆனால் இதில் எங்கே முரட்டுத்தனம் இருக்கிறது? தெளிவாகச் சொன்னால் மரியாதை குறைந்துவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் அதை ஏற்கமாட்டேன். ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்வது மரியாதை. முடியாவிட்டால் என்ன செய்யலாம் என்று வழி விடுவது மரியாதை. எது நன்றாக இருக்கிறது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுவது மரியாதை. இவையெல்லாம் எந்த நாட்டுக்கும் போய்ச் சேரும். கேள்வி வடிவத்தில் ஒளித்துவைத்த கட்டளை அப்படிப் போய்ச் சேராது.

மென்மையாகப் பூசிச் சொல்வது ஆபத்தில்லாத பழக்கம் என்று நினைப்பவர்களுக்காகப் போர் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1951 ஏப்ரலில், கொரியப் போரின்போது, இம்ஜின் ஆற்றங்கரையில் நின்ற பிரிட்டிஷ் படைப்பிரிவைப் பெரும் சீனப் படை சூழ்ந்துகொண்டது. அதன் தளபதி டாம் பிரோடி அமெரிக்க மேலதிகாரியிடம், நிலைமை கொஞ்சம் இக்கட்டாக இருக்கிறது என்ற அளவில் சொன்னார். கேட்டவர் இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரியாக இருந்தால், அழிவின் விளிம்பில் நிற்கிறார்கள் என்பது அந்தக் கணமே விளங்கியிருக்கும். அமெரிக்க அதிகாரிக்கோ, சமாளித்துக்கொள்வார்கள் என்று பட்டது. பின்வாங்கும் உத்தரவு உரிய நேரத்தில் வரவில்லை. அந்தப் படைப்பிரிவில் குன்றின் மேல் நின்ற குளோஸ்டர்ஷயர் பட்டாளத்தில் மிகப் பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள் அல்லது சிறைபிடிக்கப்பட்டார்கள். இரண்டு அதிகாரிகளும் ஆங்கிலம்தான் பேசினார்கள். இருவருக்கும் அது தாய்மொழி.

அங்கே குரலாவது இருந்தது. எழுத்தில் அதுவும் இல்லை. எழுதும்போது நம் குரல் நம் காதில் ஒலித்துக்கொண்டே இருப்பதால், வாசிப்பவருக்கும் அது கேட்கும் என்று நம்பிவிடுகிறோம். உளவியலாளர் ஜஸ்டின் குரூகரும் அவருடன் ஆய்வு செய்தவர்களும் 2005இல் வெளியிட்ட முடிவுகள் இதைக் காட்டின. மின்னஞ்சலில் தாங்கள் கேலியாக எழுதியது எது, உண்மையாக எழுதியது எது என்பது வாசிப்பவருக்குத் தெரிந்துவிடும் என்று எழுதியவர்கள் உறுதியாக இருந்தார்கள். வாசித்தவர்களோ காசைச் சுண்டிப் பார்த்துச் சொன்னால் எவ்வளவு சரியாக இருக்குமோ, அதைவிடச் சற்றே அதிகமாகத்தான் சரியாகச் சொன்னார்கள். ஒரே ஊரில் படிக்கும் மாணவர்களுக்குள்ளேயே இந்த நிலை என்றால், கடல் தாண்டிப் போகும் கேலிக்கு என்ன கதி? பணிக் குறிப்பில் கிண்டல் வேண்டாம் என்று நான் சொல்வது நகைச்சுவை பிடிக்காததால் அல்ல. அது மறுகரையில் அவமதிப்பாகப் போய் இறங்குவதை அடிக்கடி பார்க்கிறேன்.

அடுத்து, கட்டாயத்தையும் விருப்பத்தையும் குறிக்கும் சொற்கள். எழுத்து வழித் தொடர்பில் மிக அதிகமாகச் சேதம் விளைவிப்பவை இவைதான் என்பது என் கருத்து. 1889இல் இத்தாலியும் எத்தியோப்பியாவும் செய்துகொண்ட வுச்சாலே ஒப்பந்தத்தின் 17ஆவது பிரிவை எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற நாடுகளோடு பேசுவதற்கு எத்தியோப்பியப் பேரரசர் இத்தாலிய அரசின் உதவியைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றது எத்தியோப்பிய மொழியான அம்ஹாரிக்கில் இருந்த வடிவம். பயன்படுத்தியே ஆக வேண்டும் என்றது இத்தாலிய வடிவம். அந்த ஒரு வேறுபாட்டை வைத்து எத்தியோப்பியா தன் பாதுகாப்பில் இருக்கும் நாடு என்று இத்தாலி அறிவித்தது. பேரரசர் இரண்டாம் மெனலிக் அதை மறுத்தார். விவகாரம் 1896 மார்ச் 1 அன்று அத்வா போர்க்களத்தில் இத்தாலியப் படையின் தோல்வியில் போய் முடிந்தது. அந்த வேறுபாடு வேண்டுமென்றே புகுத்தப்பட்டது என்று நினைக்கப் போதிய காரணம் உண்டு. உங்கள் சுற்றறிக்கைகளில் யாரும் வேண்டுமென்று செய்வதில்லைதான். ஆனாலும் "செய்யலாம்", "செய்வது நல்லது", "செய்ய வேண்டும்", "எதிர்பார்க்கப்படுகிறது" என்று ஒரே பக்கத்தில் நான்கும் மாறி மாறி வருகின்றன. எதை விட்டால் தண்டனை, எதை விட்டால் பரவாயில்லை என்று வாசிப்பவருக்கு எப்படித் தெரியும்? தலைமை அலுவலகத்துக்குள் இருப்பவர்களுக்கு அது அனுபவத்தில் தெரியும். வெளியே இருப்பவர்கள் ஒன்று எல்லாவற்றையும் கட்டாயமாக எடுத்துக்கொண்டு களைத்துப்போகிறார்கள், அல்லது எல்லாவற்றையும் ஆலோசனையாக எடுத்துக்கொண்டு மாட்டிக்கொள்கிறார்கள்.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இணையம் இயங்குவதற்கான தரநிலைகளை எழுதுபவர்கள் 1997 மார்ச்சில் ஆர்எஃப்சி 2119 என்ற சிறு ஆவணத்தை வெளியிட்டார்கள். சில பக்கங்கள்தான். எந்தச் சொல் வந்தால் அது மீற முடியாத கட்டாயம், எந்தச் சொல் வந்தால் தகுந்த காரணம் இருந்து, விளைவை எடைபோட்ட பிறகு விலகலாம், எந்தச் சொல் வந்தால் முழுக்க அவரவர் விருப்பம் என்று அதில் வரையறுத்தார்கள். பல நாட்டுப் பொறியாளர்கள் இன்றும் அந்த வரையறையை வைத்துத்தான் தரநிலைகளை எழுதுகிறார்கள். உங்கள் நிறுவனத்துக்கும் அப்படி ஒரு பக்கம் போதும். அதை எழுதி, எல்லாச் சுற்றறிக்கையிலும் அதையே பின்பற்றுங்கள்.

"எங்கள் பொது மொழி ஆங்கிலம். அதைக் கற்றுக்கொள்வது ஊழியர் கடமை" என்று சில தலைமைகள் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கடமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மொழியைத் தாய்ப்பாலோடு பெற்றவருக்குக் கடமை ஒன்றும் இல்லையா? உயிர் போகும் துறைகள் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை சொல்லிவிட்டன. விமானிகளுக்கும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களுக்கும் சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2003இல் மொழித்திறன் விதிகளை ஏற்று, 2008 மார்ச்சில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. பிற மொழிக்காரர்களின் ஆங்கிலத்துக்கு ஒரு குறைந்தபட்ச நிலையை அவை வைத்தன. அதோடு நிற்கவில்லை. தாய்மொழியாகப் பேசுபவரும் உலகின் எந்த மூலையிலிருந்து வரும் விமானிக்கும் விளங்கும் விதத்தில் பேச வேண்டும் என்று அவரையும் அதே விதிக்குள் கொண்டுவந்தன.

விமானத்தைப் பழுதுபார்ப்பவர்கள் படிக்கும் கையேடுகளும் அப்படித்தான். 1980களில் ஐரோப்பிய விமானத் தொழில்துறை அவற்றுக்கென்று ஓர் எளிய ஆங்கிலத்தை வகுத்தது. இன்று அதற்கு ஏஎஸ்டி-எஸ்டிஇ100 என்று பெயர். செய்முறை வாக்கியத்தில் 20 சொற்களுக்கு மேல் கூடாது. ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்தான். ஒரு வாக்கியத்தில் ஒரு கட்டளைதான், இரண்டைச் சேர்ந்தே செய்ய வேண்டியிருந்தால் தவிர. அந்தக் கையேட்டை வாசிக்கும் பணியாளர் ஆங்கிலத்தில் புலமை பெறட்டும் என்று யாரும் காத்திருக்கவில்லை. எழுதுபவர் கையைத்தான் கட்டினார்கள். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய சிறப்பு ஆங்கில ஒலிபரப்பும் ஏறக்குறைய 1,500 சொற்களையும் சிறிய வாக்கியங்களையும் வைத்து உலகச் செய்திகளைச் சொல்லிக்காட்டியது. எளிய சொற்களில் பெரிய விஷயங்களைச் சொல்ல முடியாது என்பவர்கள் அதைக் கேட்டிருக்க வேண்டும்.

நாட்டுக்கு நாடு எழுத்து மரபு வேறுபடுவது உண்மை. மொழியியலாளர் ஜான் ஹைண்ட்ஸ் 1987இல் இதைப் பற்றி எழுதினார். சில எழுத்து மரபுகளில் விளங்கவைப்பது எழுதுபவர் பொறுப்பு, வேறு சிலவற்றில் விளங்கிக்கொள்வது வாசிப்பவர் பொறுப்பு என்றார். ஆங்கிலத்தை முதல் வகைக்கும் ஜப்பானிய மொழியை இரண்டாம் வகைக்கும் எடுத்துக்காட்டாக வைத்தார். முழுக்க அப்படி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் முடிவை முதல் வரியில் வைப்பவருக்கும், பின்னணியெல்லாம் சொல்லி முடிவைக் கடைசியில் வைப்பவருக்கும் இடையே நாள்தோறும் நடக்கும் உரசலுக்கு அது ஒரு பெயர் கொடுத்தது. முன்னவருக்குப் பின்னவர் சுற்றி வளைப்பவராகத் தெரிகிறார். பின்னவருக்கு முன்னவர் எடுத்தெறிந்து பேசுபவராகத் தெரிகிறார். தமிழில் நன்னூல் இந்தக் கேள்வியில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பாருங்கள். நூலுக்குரிய குற்றங்கள் பத்து என்று அது அடுக்குகிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் என்று போகிற அந்தப் பத்தில் ஒன்றுகூட வாசிப்பவர் செய்யும் குற்றம் இல்லை. அத்தனையும் எழுதுபவர் தலையில்தான்.

இந்த இடத்தில் ஒன்றைக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பண்பாட்டுப் பயிற்சி என்ற பெயரில் நீங்கள் பணம் கொடுத்து வாங்கும் பட்டியல்களை நிறுத்துங்கள். இந்த நாட்டவர் "ஆம்" என்றால் "இல்லை" என்று பொருள், அந்த நாட்டவர் நேரடியாகப் பேசுவார், இன்னொரு நாட்டவருக்குக் காலக்கெடு ஒரு பொருட்டல்ல என்று அட்டவணை போட்டுத் தருகிறார்கள். ஒரு நாட்டுக்குள்ளேயே வயதும் பதவியும் தொழிலும் வளர்ப்பும் எழுத்தை மாற்றிவிடும். அந்தப் பட்டியலை மனப்பாடம் செய்தவர் கடிதத்தை வாசிப்பதை விட்டுவிட்டுக் கடவுச்சீட்டை வாசிக்கத் தொடங்குகிறார். கடிதம் எழுதியவர் உண்மையிலேயே சம்மதித்து "ஆம்" என்று எழுதியிருக்க, இவர் அதை மறுப்பாக எடுத்துக்கொண்டு வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிவிடுவதும் நடக்கிறது. எந்த நாட்டவர் எப்படி எழுதுவார் என்று ஊகிப்பதை விட்டு, யார் வாசித்தாலும் ஒரே பொருள் வருமாறு எழுதக் கற்றுக்கொடுங்கள்.

அந்த "ஆம்" தரும் தொல்லை பண்பாட்டை விடக் கேள்வியின் அமைப்பில்தான் அதிகம். "சரக்கு இன்னும் வரவில்லையா?" என்று கேட்டால், தமிழில் யோசிப்பவர் "ஆம், வரவில்லை" என்பார். ஜப்பானிய மொழியில் யோசிப்பவரும் அப்படித்தான். ஆங்கிலத்தில் யோசிப்பவர் "இல்லை, வரவில்லை" என்பார். வெறும் "ஆம்" என்று மட்டும் பதில் வந்தால், கிடங்கில் சரக்கு இருக்கிறதா இல்லையா? எதிர்மறையாகக் கேட்காதீர்கள். "சரக்கு வந்துவிட்டதா? எந்தத் தேதியில் வந்தது?" என்று கேளுங்கள். தேதியைக் கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லித் தப்பிக்க யாராலும் முடியாது. அதேபோல, "புரிந்ததா?" என்று கேட்பதால் பயன் இல்லை. உலகம் முழுவதும் அதற்கு ஒரே பதில்தான் வரும். "முதலில் எதைச் செய்யப்போகிறீர்கள்?" என்று கேட்டால் புரிந்ததும் புரியாததும் தானே வெளியே வந்துவிடும்.

மௌனத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "ஆட்சேபனை வராவிட்டால் வெள்ளிக்கிழமை முதல் நடைமுறைக்கு வரும்" என்ற சுற்றறிக்கையை விரும்பாத தலைமை இல்லை. மேலதிகாரிக்கு எழுத்தில் மறுப்புத் தெரிவிப்பது நினைத்தும் பார்க்க முடியாத செயலாக உள்ள இடங்களில், அந்த வரி முழு எதிர்ப்பையும் சம்மதமாகக் கணக்கெழுதிக்கொள்கிறது. மூன்று மாதம் கழித்து அந்தத் திட்டம் அங்கே நகராமல் கிடக்கும்போது, ஒத்துழைப்பு இல்லை என்று குறை சொல்கிறீர்கள். முக்கியமான முடிவுக்கு ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகப் பதில் கேளுங்கள். "இதில் எது உங்கள் இடத்தில் நடக்காது?" என்று கேளுங்கள். குறை சொல்வதையே வேலையாகக் கொடுத்துவிட்டால் அது அவமரியாதை ஆகாது.

குறிகளும் படங்களும் எழுத்தைவிடப் பொதுவானவை என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. 2023இல் கனடாவின் சஸ்காச்சுவான் மாகாண நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. ஆளிவிதை வாங்கும் ஒப்பந்தத்தைப் படமெடுத்துக் கைபேசியில் அனுப்பி, உறுதிப்படுத்துமாறு கேட்டது ஒரு நிறுவனம். விவசாயி கட்டைவிரல் உயர்த்தும் குறியைப் பதிலாக அனுப்பினார். கிடைத்தது என்றுதான் சொன்னேன், ஒப்புக்கொள்ளவில்லை என்பது அவர் வாதம். ஒப்பந்தத்தை ஏற்றதாகவே பொருள் என்றது நீதிமன்றம். அவர் 82,000 கனடிய டாலருக்கும் மேல் கொடுக்க வேண்டியதாயிற்று. ஒரே நாட்டில், ஏற்கெனவே வியாபாரம் செய்து பழகிய இருவருக்குள் இப்படி. "கிடைத்தது", "படித்தேன்", "ஒப்புக்கொள்கிறேன்", "செய்து முடித்துவிட்டேன்" ஆகிய நான்கும் நான்கு வெவ்வேறு செய்திகள். நான்குக்கும் ஒரே குறியைப் போட அனுமதிக்காதீர்கள்.

தேதி, எண், அளவு ஆகியவற்றில் வாதத்துக்கே இடமில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 03/04/2025 என்பது அமெரிக்கருக்கு மார்ச் 4, பிரிட்டனில் ஏப்ரல் 3. ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையைச் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பின் ஐஎஸ்ஓ 8601 தரநிலை 1988இலேயே வைத்துவிட்டது. அது பிடிக்காவிட்டால் மாதத்தின் பெயரை எழுத்தால் எழுதுங்கள். 1.500 என்பது ஜெர்மனியில் ஆயிரத்து ஐநூறு, வேறு இடத்தில் ஒன்றரை. பில்லியன் என்றால் ஆங்கிலத்தில் நூறு கோடி. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அதே சொல் லட்சம் கோடியைக் குறிக்கும். "கோடைக்குள் முடிப்போம்" என்றால் எந்த அரைக்கோளத்தின் கோடை? "முதல் காலாண்டு" என்றால் ஜனவரியிலா, ஏப்ரலிலா? ஐஎஸ்டி என்று மூன்று எழுத்து போட்டால் இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் தங்கள் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். நாசாவின் செவ்வாய்க் கோள் பருவநிலை ஆய்வு விண்கலம் 1999 செப்டம்பரில் அழிந்தது. உந்துவிசைக் கணக்கை ஒரு தரப்பு பவுண்டு அலகிலும் இன்னொரு தரப்பு நியூட்டன் அலகிலும் வைத்திருந்ததுதான் காரணம். அலகை எண்ணோடு சேர்த்து எழுதுங்கள். பெயர்களில் மட்டும் ஒரு வேண்டுகோள்: குடும்பப் பெயர் முன்னால் வரும் சீனரும் ஹங்கேரியரும், குடும்பப் பெயரே இல்லாத ஐஸ்லாந்தியரும், ஒற்றைப் பெயரோடு வாழும் இந்தோனேசியரும் உங்கள் படிவத்தின் இரண்டு பெட்டிகளுக்குள் தங்களை உடைத்துப் போட வேண்டியிருக்கிறது. "உங்களை எப்படி அழைக்க வேண்டும்?" என்று ஒரு பெட்டி வையுங்கள். தன் பெயரைத் தவறாக எழுதி வரும் கடிதத்தின் இரண்டாவது வரியை எவரும் முழு மனதோடு வாசிப்பதில்லை.

இப்போது பலரும் உங்கள் குறிப்புகளை இயந்திர மொழிபெயர்ப்பில்தான் வாசிக்கிறார்கள். இது நல்லதுதான், நான் வரவேற்கிறேன். ஆனால் இரண்டு பொருள் தரும் வாக்கியம் அந்த இயந்திரத்துக்குள் போனால் பெரும்பாலும் ஒரு பொருளோடு மட்டும் வெளியே வருகிறது. சந்தேகம் தெரிவதில்லை. மூல மொழியில் வாசித்தவருக்காவது "இது ஒரு மாதிரி இருக்கிறதே" என்று உறுத்தும். மொழிபெயர்ப்பில் வாசிப்பவருக்கு அந்த உறுத்தல்கூட மிஞ்சாது. "அது", "அவர்கள்", "மேற்படி விஷயம்" என்று எழுதும் இடத்தில் பெயரையே திரும்ப எழுதினால் நடை கெட்டுவிடும் என்று எழுதுபவர்கள் தயங்குகிறார்கள். கெடட்டும். பல நாட்டுக்குப் போகும் பணிக் குறிப்பில் ஒரே சொல்லைத் திரும்பச் சொல்வது குற்றமாகாது. ஒரே பொருளை மூன்று பெயரால் அழைப்பதுதான் குற்றம்.

எனக்கு எல்லாவற்றையும்விட வருத்தம் தருவது, கேள்வி கேட்பவருக்கு நீங்கள் வைத்திருக்கும் விலை. புரியவில்லை என்று எழுதுவது ஒருவர் தன் வேலைக்குச் செய்யும் மிகப் பெரிய நன்மை. அதை எழுதியதும் அவருக்கு என்ன கிடைக்கிறது? "முந்தைய மின்னஞ்சலைப் பார்க்கவும்" என்று ஒரு வரி. அல்லது அதே வாக்கியம், இந்த முறை தடித்த எழுத்தில். அல்லது பத்துப் பேரைச் சேர்த்து ஒரு பதில், எல்லோரும் பார்க்கும்படி. இதை ஒருமுறை அனுபவித்தவர் அடுத்த முறை கேட்கமாட்டார். தனக்குத் தோன்றியபடி செய்துவிட்டு, சரியாக இருக்க வேண்டுமே என்று உள்ளுக்குள் பதறிக்கொண்டிருப்பார். திறமையான எத்தனையோ பேர் இப்படி வாயடைத்துப் போனதைப் பார்த்துவிட்டேன். இலக்கணப் பிழையோடு எழுதுவதால் அவர்களுக்கு அறிவு குறைவு என்று எண்ணுபவர்களும் உங்கள் மேலாளர்களில் இருக்கிறார்கள். அந்த மேலாளர்களில் பலருக்கு இரண்டாவது மொழி ஒன்று தெரியாது.

ஆகவே என் கோரிக்கைகள். தலைமை அலுவலகத்திலிருந்து போகும் எந்த முக்கியமான குறிப்பும், பெறப்போகும் அலுவலகத்தில் ஒருவர் முன்கூட்டியே வாசித்து, தான் என்ன செய்ய வேண்டும் என்று தன் சொற்களில் திருப்பிச் சொன்ன பிறகே வெளியே போக வேண்டும். அந்த வாசிப்பை அவருடைய வேலை நேரத்தில் சேர்த்து, அதற்குரிய மதிப்பையும் கொடுங்கள். எளிய மொழிக்கான ஐஎஸ்ஓ 24495-1 தரநிலை 2023இல் வெளிவந்துவிட்டது. வாசிப்பவர் தனக்கு வேண்டியதைக் கண்டுபிடிக்க, புரிந்துகொள்ள, பயன்படுத்த முடிகிறதா என்பதே அதன் அளவுகோல். எழுதுபவர்களின் ஆண்டு மதிப்பீட்டில் அந்த அளவுகோலை வையுங்கள். ஒரு குறிப்பைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டால் அந்தக் குறிப்பைத் திரும்பப் பெற்று, எழுதியவர் பெயரிலேயே திருத்தி அனுப்பச் செய்யுங்கள். மேலாளர்களிலிருந்து தொடங்குங்கள். அவர்கள் செய்யாததைக் கீழே இருப்பவர்கள் செய்யமாட்டார்கள்.

"எழுத்து வழித் தொடர்பில் முன்னேற்றம் தேவை" என்று ஏற்கெனவே யாருடைய மதிப்பீட்டில் ஏறியிருக்கிறதோ, அவருக்கு வந்த மூலக் குறிப்பை ஒருமுறை வரவழைத்துப் படியுங்கள். அது இரண்டு பொருள் தருவதாக இருந்தால் அந்த வரியை நீக்கி, நீக்கியதை அவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அடுத்த மதிப்பீட்டுக் காலம் தொடங்குவதற்குள் இதைச் செய்ய முடியும்.

இப்படிக்கு,
பல நாடுகளுக்குப் போகும் குறிப்புகளை எழுதியும் திருத்தியும் வருபவர்களில் ஒருவர்